விஎம்மில் எதற்குப் பின் எது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்கள் நிரல் எழுதுவதற்கான மெய்நிகர் கணினியை, அதாவது விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளின் உதவியால் ஒரு கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை, நாங்கள் புழங்கும் சொல்லில் விஎம்மை, நான்தான் தயார் செய்கிறேன். மாலையில் அண்ணா நகரில் நண்பர் நடத்தும் சிறிய மென்பொருள் அலுவலகத்திலும் இதே வேலை. இரண்டு இடத்திலும் "அண்ணே, சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது" என்றுதான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மென்பொருளில் ஒரு குறையும் இருக்காது. பின்னால் வர வேண்டியது முன்னால் வந்திருக்கும்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட பிறகுதான் சாயத்தில் முக்குவார்கள். முக்கிய பிறகு முடிச்சுப் போட்டால் புள்ளி விழாது. அதற்குத் துணியைக் குறை சொல்ல முடியாது. விஎம்மும் அப்படித்தான்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைக் கேளுங்கள்

கடைசியாக எல்லாம் ஒழுங்காக ஓடியது எப்போது? அதற்குப் பிறகு எதை நிறுவினீர்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் பாதிப் பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நிறுவலுக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைச் சேமித்த பதிவு) இருந்தால், அதற்குத் திரும்பிப் போய்ச் சரியான வரிசையில் மீண்டும் நிறுவுவதே மிக மலிவான வழி. நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவது அவ்வளவு சுத்தமான வேலை அல்ல. பின்னணிச் சேவைகளும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புக் கிடங்கு) பதிவுகளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த நிறுவலை அவை கெடுக்கும்.

ஆனால் திரும்புவதற்கு முன் எழுதிய நிரல்களை விஎம்முக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதன் பின் உருவான கோப்புகள் எல்லாம் போய்விடும். ஒரு மாணவியின் இரண்டு வாரத் திட்டப்பணியை நான் இப்படித் தொலைத்திருக்கிறேன். இன்றுவரை அது மனத்தை உறுத்துகிறது. அன்று முதல், திரும்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன், விஎம்மும் அசல் கணினியும் பகிர்ந்த கோப்புறையில் நகல் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பின்பற்றும் வரிசை இது. விஎம்மின் நினைவகத்தையும் டிஸ்க் அளவையும் முதலில் தீர்மானிக்கிறேன். இயங்குதளத்தை நிறுவியதும் கணினியின் பெயரையும் நேர மண்டலத்தையும் சரிசெய்கிறேன். பிறகு புதுப்பிப்புகள், இனி எதுவும் இல்லை என்று அதுவே சொல்லும்வரை. மறுதொடக்கம். கெஸ்ட் அடிஷன்ஸ் (திரை அளவு, பகிர்ந்த கோப்புறை போன்றவற்றுக்காக விஎம்முக்குள் நிறுவும் விர்ச்சுவல் பாக்ஸின் துணைக் கருவி). இன்னொரு மறுதொடக்கம். இங்கே முதல் ஸ்னாப்ஷாட், அதற்கு 'அடித்தளம்' என்று பெயர். அடுத்து ஐஐஎஸ் (விண்டோஸோடு வரும் வலைச் சேவையகம்) போன்ற விண்டோஸ் அம்சங்கள், தரவுத்தளம், ஜேடிகே (ஜாவா நிரலுக்கான கருவித் தொகுப்பு), டாட்நெட், பைத்தான். பிறகு நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git). அதற்கும் பிறகுதான் நிரல் எழுதும் கருவிகள், பழைய பதிப்பு முதலில், புதியது பின்னால். இரண்டாவது ஸ்னாப்ஷாட். திட்டத்துக்குத் திட்டம் மாறும் நூலகங்கள் கடைசியில்.

## அறிகுறி: விஎம் தொடங்கவே இல்லை, அல்லது இயங்குதளப் பட்டியலில் 64 பிட் இல்லை

ஹோஸ்ட் கணினியில், அதாவது விஎம்மைத் தாங்கும் அசல் கணினியில், டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் சிபியு பகுதியைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் முடக்கப்பட்டிருப்பதாக இருந்தால் பயாஸுக்குள் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். இன்டெல் கணினியில் அது விடி-எக்ஸ், ஏஎம்டி கணினியில் ஏஎம்டி-வி அல்லது எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். சேமித்து, கணினியை முழுவதுமாக அணைத்துத் தொடங்குங்கள்.

பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கணினியை விற்றவரையோ உங்கள் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளரையோ அழையுங்கள். பேட்டரியைக் கழற்றிக் கடவுச்சொல்லை அழிக்கும் வித்தையை மடிக்கணினியில் முயல வேண்டாம்.

## அறிகுறி: விஎம் ஊர்ந்து போகிறது

இதில் கிளைகள் பல. எப்போது மெதுவாகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

புதிதாக நிறுவிய முதல் நாள் மட்டும் மெதுவா? உள்ளே புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் மேலே நின்றால் அதுதான். அதற்கு மேல் விஷுவல் ஸ்டுடியோவையும் ஏற்றாதீர்கள். முடியும்வரை காத்திருந்து, மறுதொடக்கம் செய்து, பிறகு தொடருங்கள். புதுப்பிப்புகளை முதலில் முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

விர்ச்சுவல் பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை நிற ஆமை தெரிகிறதா? ஹோஸ்டில் விண்டோஸின் சொந்த விஎம் அமைப்பான ஹைப்பர்-வி ஓடுகிறது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அந்த ஆமை. நேற்றுவரை இல்லாமல் இன்று வந்திருந்தால், ஹோஸ்டில் டாக்கர் டெஸ்க்டாப்போ லினக்ஸுக்கான விண்டோஸ் துணையமைப்போ புதிதாக நிறுவப்பட்டிருக்கும். விண்டோஸ் அம்சங்களில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகும் ஆமை போகவில்லை என்றால், விண்டோஸ் பாதுகாப்பில் கோர் ஐசொலேஷன் பிரிவில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி காரணமாக இருக்கலாம். அது பாதுகாப்பு அம்சம். அலுவலகக் கணினியில் நீங்களாக அணைக்காமல் பொறுப்பாளரைக் கேளுங்கள். டாக்கர் கட்டாயம் வேண்டுமென்றால் ஹோஸ்டில் வைக்காமல் உபுண்டு விஎம்முக்குள் டாக்கர் எஞ்சினை நிறுவுவது என் வழக்கம். இரண்டும் சண்டையில்லாமல் ஓடுகின்றன.

மதியம் மட்டும் மெதுவா? இதை மதுரைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் காலை பத்து மணிக்குப் பறக்கும் விஎம், இரண்டு மணிக்குத் தள்ளாடும். சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் வேகத்தைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அது நன்றாக இறங்கியிருந்தால் மென்பொருளில் கைவைக்காதீர்கள். மடிக்கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். காற்று போகும் துளைகளில் அடைந்த தூசியை ஊதி எடுங்கள். இதற்கும் அடங்கவில்லை என்றால் உள்ளே உள்ள விசிறியைச் சுத்தம் செய்து, செயலியின் மேல் பூசும் வெப்பப் பசையை மாற்ற வேண்டும். அது பழுது பார்ப்பவரின் வேலை.

எப்போதுமே மெதுவா? 8 ஜிபி உள்ள ஹோஸ்டில் விஎம்முக்கு 6 ஜிபி கொடுத்திருப்பீர்கள். நிறையக் கொடுத்தால் வேகம் கூடும் என்று தோன்றும்; உண்மையில் ஹோஸ்ட் மூச்சு முட்டி டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், இரண்டும் சேர்ந்து படுக்கும். 4 ஜிபிக்கு இறக்கிப் பாருங்கள். அடுத்து ஹோஸ்டின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 விழுக்காட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடாமல் வழியில்லை. இந்தப் பட்டியலில் அதிகச் செலவு அதுதான். ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகே பர்ஸைத் திறங்கள்.

## அறிகுறி: திரை சிறிதாகவே நிற்கிறது, பகிர்ந்த கோப்புறை திறக்கவில்லை

விண்டோஸ் விஎம் என்றால் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவி மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உபுண்டுவில்தான் வரிசை காலை வாரும். நடப்பது இப்படி: புதுப்பிப்பு ஓடுகிறது, புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வருகிறது, ஆனால் மறுதொடக்கம் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். அதற்குள் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுகிறார்கள். அது பழைய கெர்னலுக்கான பாகத்தைக் கட்டி வைக்கிறது. மறுநாள் விஎம் புதிய கெர்னலில் எழுகிறது. திரை மறுபடியும் சிறிதாகிறது. "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். நேற்று நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் மறுதொடக்கம். பிறகு அந்தப் பாகத்தைக் கட்டத் தேவையான ஜிசிசி, மேக் (make), பெர்ல் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ஓடும் கெர்னலின் எண்ணும் நிறுவிய லினக்ஸ் ஹெடர்ஸின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதன் பிறகு கெஸ்ட் அடிஷன்ஸை மீண்டும் ஓட்டி, இன்னொரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

திரை சரியாகி, கோப்புறை மட்டும் அனுமதி இல்லை என்கிறதா? உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி உள்நுழையுங்கள். சேர்த்துவிட்டு வெளியேறாமல் "இன்னும் வரவில்லை" என்று சொல்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

## அறிகுறி: எதைப் பதிவிறக்கினாலும் சான்றிதழ் பிழை

நிறுவியையோ இணைய இணைப்பையோ சந்தேகிக்கும் முன் விஎம்மின் தேதியைப் பாருங்கள். கோடை விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறக்கும் வாரத்தில் எங்களுக்கு அதிகம் வருவது இந்தப் பிழைதான். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த கணினியில், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 காசு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். விஎம் தன் நேரத்தை ஹோஸ்டிடமிருந்துதான் வாங்குகிறது. தேதி பின்னால் இருந்தால் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைக்கும். பைத்தான் தொகுப்பு, நோட் தொகுப்பு, உபுண்டு புதுப்பிப்பு எல்லாமே ஒரே நேரத்தில் மறுத்தால் தேதியின் மேல்தான் முதல் சந்தேகம்.

ஹோஸ்டின் தேதியைச் சரிசெய்து, பிறகு விஎம்மை மறுதொடக்கம் செய்யுங்கள். மறுநாள் காலை மறுபடியும் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். மேசைக் கணினியில் நீங்களே மாற்றலாம், மடிக்கணினியில் வேண்டாம். தேதி சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், அலுவலகத்தின் இணைய வடிகட்டி தன் சொந்தச் சான்றிதழை இடையில் நுழைக்கிறது. அந்தச் சான்றிதழை நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி, மற்ற எதையும் நிறுவுவதற்கு முன் விஎம்மில் சேர்க்க வேண்டும். சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடும் குறுக்கு வழியை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். வேலைக்குப் போகும் இடத்திலும் அதையே செய்வார்கள்.

## அறிகுறி: நிறுவியாகிவிட்டது, ஆனால் கட்டளை தெரியவில்லை என்கிறது

நிறுவுவதற்கு முன் திறந்திருந்த கட்டளைத் திரையை மூடி, புதிதாக ஒன்றைத் திறங்கள். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் விஎஸ் கோடையே மூடித் திறக்க வேண்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பாதைப் பட்டியலில் (PATH) செய்த மாற்றம் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்துக்குப் போய்ச் சேராது.

பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? விண்டோஸ் அமைப்புகளில் ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ் பக்கத்தில் பைத்தான் பெயரில் உள்ள இரண்டையும் அணையுங்கள். நிறுவும்போது பாதையில் சேர்க்கும் கட்டத்தில் குறியிடாமல் விட்டிருந்தால், நிறுவியை மறுபடி ஓட்டி அதைச் சேருங்கள்.

### கட்டளை ஓடுகிறது, ஆனால் வேறு பதிப்பு ஓடுகிறது

ஜாவாவில் இது சாதாரணம். ஜாவா, ஜாவாசி இரண்டின் பதிப்பையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். எண்கள் வேறாக இருந்தால் இரண்டு ஜேடிகே மோதுகின்றன. 'வேர்' (where) கட்டளையோடு ஜாவா என்று சேர்த்து அடித்தால் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்; முதல் வரியில் இருப்பதே ஓடும். ஆரக்கிளின் நிறுவி 'ஜாவாபாத்' என்ற தன் கோப்புறையைப் பாதையின் முன்னால் செருகுவதால், கடைசியாக நிறுவியது முந்திக்கொள்ளும். வேண்டியதை மேலே நகர்த்துங்கள், ஜாவா ஹோம் மாறியையும் அதற்கே திருப்புங்கள்.

நிரல் ஓடும்போது வகுப்புக் கோப்பின் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற பிழை வந்தால் அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் 17, 65 என்றால் 21. எந்த ஜேடிகே எதைக் கட்டியது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய சர்வ்லெட் (ஜாவா வலை நிரல்) பயிற்சிகளை, அவற்றை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10இல் போட்டு, ஜாவாஎக்ஸ் தொகுப்பைக் காணவில்லை என்று தேடுவார்கள். டாம்கேட் 10 முதல் அந்தப் பெயர் ஜகார்த்தா என்று மாறிவிட்டது. பாடத்திட்டம் பழையதென்றால் டாம்கேட் 9தான் வேண்டும். எதை நிறுவுவது என்பதைப் பாடப் பயிற்சியைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி: சர்வர் எழுந்த உடனே விழுகிறது

அந்த சர்வருக்கான போர்ட்டில், அதாவது எண்ணிட்ட இணைப்பு வாசலில், வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். விண்டோஸ் கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோட்டோடு ஏ, என், ஓ மூன்றையும் சேர்த்து அடியுங்கள். கடைசி நெடுவரிசையில் வரும் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் அகப்படுவார். 80இல் இருப்பவரின் எண் 4 என்றால் பெரும்பாலும் ஐஐஎஸ். 3306இல் சண்டை என்றால் தனியாக நிறுவிய மைஎஸ்கியூஎல்லும் எக்ஸாம்ப் (XAMPP) தொகுப்போடு வந்ததும் மோதுகின்றன, ஒன்றை நிறுத்துங்கள். 8080ஐ டாம்கேட்டும் ஜென்கின்ஸும் கேட்கும், ஆரக்கிள் எக்ஸ்இ 11ஜி தரவுத்தளமும் கேட்கும். முதலில் நிறுவியது இடம் பிடித்துவிடும். எந்த போர்ட் யாருக்கு என்று நிறுவுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்வதே போதும்.

## அறிகுறி: ஐஐஎஸ்ஸில் 500.19 பிழை

நண்பரின் அலுவலகத்தில் ஒரு முழு நாளைத் தின்ற பிழை இது. டெவலப்பரின் கணினியில் ஓடிய ஏஎஸ்பி டாட்நெட் கோர் தளம் புதிய விஎம்மில் 500.19 காட்டியது. நிரலை வரி வரியாகப் படித்தார்கள், அனுமதிகளை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால், டாட்நெட் ஹோஸ்டிங் பண்டிலைக் காலையில் நிறுவிவிட்டு ஐஐஎஸ்ஸை மதியம் சேர்த்திருக்கிறார்கள். பண்டில் தன் பாகத்தை ஐஐஎஸ்ஸுக்குள் பொருத்த வேண்டும். காலையில் பொருத்துவதற்கு ஐஐஎஸ்ஸே இல்லை.

பழுது எளிது. அதே பண்டில் நிறுவியை மறுபடி ஓட்டி 'ரிப்பேர்' கொடுங்கள், ஐஐஎஸ்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள். நிரலைத் தொடவே வேண்டாம். பழைய ஏஎஸ்பி டாட்நெட் 4 தளம் என்றால், விண்டோஸ் அம்சங்களில் ஐஐஎஸ்ஸுக்குக் கீழே ஏஎஸ்பி டாட்நெட் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்குப் பிறகும் பிழை மாறாவிட்டால், பக்கத்தில் காட்டும் பிழைக் குறியீட்டையும் கோப்பின் பாதையையும் படம் எடுத்து, தளத்தை எழுதியவரிடம் கொடுங்கள். அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே 500.19தான் வரும்.

### தரவுத்தளம் பழைய பெயரைச் சொல்கிறது

எஸ்கியூஎல் சர்வரை நிறுவிய பிறகு கணினியின் பெயரை மாற்றினால் இது வரும். வெளியிலிருந்து புதிய பெயரில் இணைய முடியும். உள்ளே சர்வர்நேம் மாறியைக் கேட்டால் பழைய பெயரைச் சொல்லும். எஸ்பி டிராப்சர்வர் கொண்டு பழையதை நீக்கி, எஸ்பி ஆட்சர்வர் கொண்டு புதியதை 'லோக்கல்' என்று சேர்த்து, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ரெப்ளிகேஷன் (தரவை வேறு சர்வருக்கும் நகலெடுக்கும் ஏற்பாடு) அமைத்திருந்தால் கைவைக்காமல் தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள். பெயர் வைப்பதை நான் முதல் படிகளிலேயே முடித்துவிடுவது இதற்காகத்தான்.

## அறிகுறி: நிறுவல் பாதியில் நின்றுவிட்டது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முதல் நாள் நாளிதழிலேயே பார்த்துவிடலாம். அன்று பெரிய நிறுவல் எதையும் தொடங்காதீர்கள். யுபிஎஸ் தாங்கும் நேரத்தை நம்பி விஷுவல் ஸ்டுடியோவைத் தொடங்குவது வீண் துணிச்சல். தொடங்கி நின்றுவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: உபுண்டுவில் டிபிகேஜி கட்டளையை 'கன்ஃபிகர்', 'ஏ' என்ற தெரிவுகளோடு ஓட்டினால் பாதியில் நின்ற தொகுப்புகள் முடிவடையும். விண்டோஸில் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருப்பதாக 1618 பிழை வந்தால், பத்து நிமிடம் பொறுத்து மறுதொடக்கம். விஷுவல் ஸ்டுடியோவுக்கு அதன் நிறுவியிலேயே 'ரிப்பேர்' இருக்கிறது. மூன்றும் தோற்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி: பிரதி எடுத்த விஎம்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன

எல்லா விஎம்மிலும் ஐபி 10.0.2.15 என்று இருக்கிறதே என்று பதறாதீர்கள். நாட் முறையில் (ஹோஸ்டின் இணைப்புக்குப் பின்னால் விஎம் ஒளிந்திருப்பது) விர்ச்சுவல் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் அதைத்தான் கொடுக்கும். அதில் பிழை இல்லை. பிரிட்ஜ் முறையில் (விஎம் நேரடியாக வெளி நெட்வொர்க்கில் சேர்வது) இரண்டுக்கு ஒரே ஐபி வந்தால்தான் சிக்கல். பிரதி எடுக்கும்போது எல்லா நெட்வொர்க் அட்டைகளுக்கும் புதிய மேக் (MAC) முகவரி உருவாக்கும் தெரிவை விட்டிருப்பீர்கள். அதைச் சரிசெய்தும் உபுண்டு சர்வர்களுக்கு ஒரே ஐபி வந்தால், கணினியை அடையாளம் காட்டும் மெஷின் ஐடி கோப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது. மூல விஎம்மில் அந்தக் கோப்பைக் காலியாக்கி அணைத்துவிட்டு, அதன் பிறகே பிரதி எடுங்கள்.

## அறிகுறி: ஹோஸ்டின் டிஸ்க் நிரம்பி விஎம் உறைந்து நிற்கிறது

பயப்பட வேண்டாம், விர்ச்சுவல் பாக்ஸ் அதை இடைநிறுத்தி வைத்திருக்கிறது. ஹோஸ்டில் இடம் உண்டாக்கிவிட்டுத் தொடரச் சொல்லலாம். பதிவிறக்கக் கோப்புறையையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். படங்களையும் வீடியோக்களையும் வெளி டிஸ்க்குக்கு நகர்த்துங்கள்.

அடுத்த முறை வராமலிருக்க, நிறுவிக் கோப்புகளை விஎம்முக்குள் நகலெடுக்காமல் பகிர்ந்த கோப்புறையிலிருந்தே ஓட்டுங்கள். உள்ளே வைத்து ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், பிறகு அந்தக் கோப்பை அழித்தாலும் இடம் திரும்பாது. விஷுவல் ஸ்டுடியோ மட்டுமே சாதாரணமாக 20 முதல் 50 ஜிபி கேட்கும். அதற்குத் தகுந்தாற்போல் டிஸ்க்கைத் தொடக்கத்திலேயே பெரிதாக வையுங்கள். ஸ்னாப்ஷாட்கள் எடுத்த பிறகு பெரிதாக்குவது தலைவலி.

இரண்டு காரியங்களை மட்டும் செய்யவே கூடாது. இடம் இல்லாத நேரத்தில் ஸ்னாப்ஷாட்டை அழிக்கத் தொடங்கக் கூடாது. இணைப்பதற்கு அதற்கே கூடுதல் இடம் வேண்டும், பாதியில் நின்றால் ஸ்னாப்ஷாட்களின் சங்கிலி அறுந்துபோகும். ஸ்னாப்ஷாட் கோப்புறைக்குள் போய் விடிஐ கோப்புகளை (விஎம்மின் டிஸ்க் கோப்புகள்) கையால் அழிக்கவும் கூடாது. யாராவது அழித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டால், கணினியை உடனே அணைக்கச் சொல்லுங்கள், அதில் வேறு எதையும் எழுத விடாதீர்கள், டிஸ்க்கைக் கழற்றித் தரவு மீட்பவரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள்.